சுத்தமான கண்ணாடி

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆட்களை உலுக்கிய மலேரியாக் காய்ச்சலின் பூச்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். இதைப் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பந்தியில் கூடுதலாக ஒரு வடையும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது பொய். ஏழு மாதம் அந்தப் பூச்சியை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தவன் நான். கண்டுபிடித்தவர் வேறொருவர். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். தாளில் பெயர் வருவதைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய கசப்பு உண்டு. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதனால் லேப் ஐயா என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி, விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. சிலைடு என்போம். அதன் நடுவில் ஒரு சொட்டு ரத்தம் இழுத்துவிடப்பட்டுக் காய்ந்திருக்கிறது. ரத்தம் என்று நான் சொன்னால்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது சலவைக்காரன் நீலத்தை அள்ளிப் போட்டுவிட்ட வேட்டி மாதிரி ஒரே நீலம். அந்த நீலம்தான் இந்தக் கதை.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் ஒரு சர்க்கார் லேபில் எனக்குக் கழுவுகிற வேலை கிடைத்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை வைத்துச் சேர்ந்தவன் நான். எழுத்தெல்லாம் பிற்பாடு வந்தது, அதுவும் வேண்டா வெறுப்பாக. கழுவ எழுத்து எதற்கு? புட்டி, குழாய், தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக சிலைடு. சிலைடு கப்பலில் வர வேண்டிய சாமான். பார்த்து முடித்ததைக் கழுவி மறுபடி எடுப்போம். கழுவியதைத் தாளில் கட்டித் தோட்டங்களுக்கு அனுப்புவோம். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி, ஒரு சொட்டை அதில் தேய்த்து ரயிலில் திருப்பி அனுப்புவார். லேப் ஐயா அதன் மேல் சாயம் ஊற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். சாயம் சரியாக ஏறினால் ரத்தம் வெளிர் சிவப்பாகவும், பூச்சி நீல மோதிரத்தில் சிவப்புக் கல் பதித்த மாதிரியும் தெரியுமாம். தெரிந்தால் கொய்னா மருந்தும் ஓய்வும். தெரியாவிட்டால் சீட்டில் 'இல்லை' என்று எழுதிப் போகும். தோட்டத்துத் துரைக்கு 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அந்த ஆள் சோம்பேறி, நடிக்கிறான், மறுநாள் விடிகாலை மரம் சீவப் போக வேண்டும். குளிர் நடுக்கத்தில் கத்தி பிடித்து மரம் சீவுவது எப்படி என்று துரையை யாரும் கேட்டதில்லை.

லேப் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பிரிக்பீல்ட்ஸில் வீடு. வெள்ளைக் கோட்டுப் பித்தான் கழுத்து வரை போட்டிருப்பார். எங்கள் பெரிய டாக்டர் துரை கையெழுத்து மட்டும் போடுவார். பார்ப்பது முழுக்க ஐயாதான். நான் வேலைக்குச் சேர்ந்த அதே வாரம் புதுச் சாயப் புட்டி கப்பலில் வந்தது. அந்த வாரத்திலிருந்து எல்லாம் நீலம். ரத்தமும் நீலம், பூச்சியும் நீலம், அடியில் மண் படிந்த மாதிரி கறுப்புப் புள்ளி வேறு. சந்தேகம் முழுவதும் புட்டி மேல் விழுந்தது. என் மேல் விழவில்லை. நான் ஒருவன் அங்கே இருப்பது யார் கண்ணிலாவது பட்டால்தானே சந்தேகம் விழும்?

ஐயா புட்டியை நம்பாமல் புத்தகத்தைத் தேடிப் போனார். அவர் சஞ்சிகை என்பார். எனக்கு அது தடித் தடிப் புத்தகம். எந்தச் சீமையில் எந்த டாக்டர் எப்படிச் சாயம் ஏற்றினான் என்று அதில் அச்சடித்திருக்கும். சமையல் பக்குவம் மாதிரி, இவ்வளவு சாயம், இவ்வளவு தண்ணீர், இவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கும் என நான் நினைத்தேன். ஐயாவும் அப்படித்தான் நினைத்தார். படித்தவரும் படிக்காதவனும் ஒன்றாக ஏமாந்த இடம் அதுதான். முதல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வேறு ஆள் இல்லாததால்தான் என்னைப் பார்த்தார்.

"இங்கை பாரும் காணும். எங்களது முந்தின குறிப்பிலை சொன்னபடி செய்யவும் எண்டு எழுதியிருக்கிறான். முந்தின குறிப்பு ஏழாம் வால்யூமிலையாம். அலுமாரியிலை ஆறு கிடக்குது, எட்டுக் கிடக்குது."

"ஏழு எங்க போச்சுங்க ஐயா?"

"லீவிலை போன ஒரு துரை கொண்டு போயிட்டான். ஸ்கொட்லாந்திலை கிடக்குதாக்கும்."

சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டார். மூன்று வாரம் கழித்து, அந்த வால்யூமை வேறு யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கல்கத்தாவுக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்துத் தட்டெழுத்தில் பிரதி வந்தது. அன்றைக்கு அவர் கோட்டுப் பித்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து படித்தார். முக்கியமான இடத்தில் 'வழக்கமான முறையில் சாயம் ஏற்றவும்' என்று இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், வழக்கமான முறைக்கு இன்ன ஜெர்மன் சஞ்சிகையைப் பார்க்கவும் என்று ஒரு வரி. ஐயா மேசையை ஒரு தடவை தட்டினார். அவ்வளவுதான். நானாக இருந்தால் மேசையைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன். ஒரு ஆள் வழி கேட்கிறான். நீ அடுத்த தெருவைக் காட்டுகிறாய், அங்கே நிற்கிறவன் அதற்கடுத்த தெருவைக் காட்டுகிறான். எவனும் வீட்டைக் காட்டவில்லை.

"இவங்கள் தங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதுறாங்கள் காணும். எங்களுக்கு எழுதேல்லை" என்றார்.

இதற்கிடையில் என் தங்கச்சி புருஷன் படுத்துவிட்டார். கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்களுக்கு லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், ஒரு அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போனேன். லேபில் வேலை செய்கிற மச்சான் வருகிறார் என்று அக்கம்பக்கத்தார் எல்லாம் எழுந்து நின்றார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். மாப்பிள்ளை இரண்டு கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தார்.

"வாங்க மச்சான். உங்க ஆபீஸ்ல எனக்குக் காய்ச்சல் இல்லன்னு எழுதிட்டாங்களாமே. ரொம்ப சந்தோசம். அப்ப இது என்னான்னு கேட்டு சொல்லுங்க" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

என் தங்கச்சிக்கு அந்த நையாண்டி எல்லாம் கிடையாது. "நாளைக்கு வேலைக்குப் போகலன்னா பேர வெட்டிருவேன்னு கணக்குக் கிராணி சொல்லிட்டுப் போறாரு. நீ அங்க என்னதாண்ணே வேலை பாக்குற?" என்றாள்.

"சிலைடு கழுவுறேன் ஆயி."

"கழுவி?"

அன்றைக்கு அவர்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கும் 'இல்லை' என்றுதான் சீட்டு வந்திருந்தது. அவர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். மரத்தடியில் விழுந்து கிடந்தாராம், பால் வாளி பக்கத்தில். நான் எதை வேண்டுமானாலும் சிரிப்பாக்கிச் சொல்லிவிடுவேன். அவரை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சிரிப்பாக்க முடியவில்லை.

திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னேன். அவர் மாப்பிள்ளையின் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டார். ஜெர்மன் புத்தகம் அதற்குள் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. படிக்க ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பாதிரியார், ஊரில் ஜெர்மன்காரர்களின் மிஷன் பள்ளியில் படித்தவர். புத்தகத்தை நான்தான் தலையில் சுமந்து போனேன். பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "எனக்கு ஜெபப் புத்தகத்து ஜெர்மன்தான் தெரியும். பாவம், கிருபை, நித்திய ஜீவன் வந்தா சொல்லிடுவேன். இதுல அதெல்லாம் ஒண்ணும் வரல" என்றார். ஆனாலும் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். தண்ணீரை எப்படிக் காய்ச்சுவது, சாயத்தை எத்தனை சொட்டு விடுவது என்று ஐயா குறித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பாதிரியார், "சுத்தமான, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத கண்ணாடியை எடுத்து" என்று படித்தார். ஐயா அந்த வரியைக் குறித்துக்கொள்ளவில்லை. சுவர் ஓரம் நின்ற நான் அதை மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்திலேயே எனக்கென்று இருந்த வரி அது ஒன்றுதானே.

நான் சிலைடை எப்படிக் கழுவுவேன் என்று இன்னும் சொல்லவில்லை, இல்லையா? வெட்கம்தான் காரணம். எங்கள் வீட்டில் பாத்திரம் எப்படித் துலக்குவார்களோ அப்படித்தான். வீட்டு அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஒரு மண்சட்டியில் கொண்டுபோய்த் தொட்டிக்கடியில் வைத்திருந்தேன். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, துணியில் துடைத்து வைப்பேன். வைரம் மாதிரி மின்னும். லேபில் சோப்பு கொடுத்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், அது தனிக் கதை. எண்ணெய்ப் பசை துளியும் கூடாது என்று ஜெர்மன்காரனே சொல்லிவிட்ட பிறகு சும்மா இருப்பேனா? மறுநாள் முதல் சாம்பலை இரண்டு மடங்காக்கினேன். நீலம் இன்னும் கறுத்தது. ஐயாவுக்கு ஜெர்மன்காரன் மேலும் நம்பிக்கை போயிற்று.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது. பத்து நாள் எழுந்திருக்கவில்லை. மாற்று ஆள் கிடைக்காததால் ஐயாவே கோட்டைக் கழற்றிவிட்டுச் சிலைடு கழுவினாராம். நிறையத் தண்ணீர் விட்டு, ஸ்பிரிட்டில் முக்கி, அதோடு சரி. என் வீட்டுக்கு வந்து என் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் போனார். மறுநாள் மாலை திரும்பி வந்து வாசலில் நின்று, "உம்மடை ரத்தத்திலை கண்டிட்டன் காணும். மோதிரம் மோதிரமா கிடக்குது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கல்யாண வீடுகளில் நான் சொல்லும் பொய்யில் இவ்வளவு உண்மை இருக்கிறது: பூச்சி கிடைத்தது என் ரத்தத்தில். நான் செய்த உபகாரம், படுத்துக் கிடந்தது.

ஜெர்மன் முறைத் தண்ணீர்தான் பலித்தது என்று ஐயா நினைத்தார். பெரிய டாக்டர் துரையிடமும் சொல்லிவிட்டார். நான் தேறி வேலைக்குத் திரும்பினேன். பத்து நாள் லீவு எடுத்த வெட்கத்தில் இருந்த சிலைடு அத்தனையையும் ஒரே நாளில் துலக்கி அடுக்கினேன். மூன்றாம் நாள் எல்லாம் மறுபடி நீலம். ஐயா நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க முடியவில்லை. அதே தண்ணீர், அதே சாயம், அதே சொட்டு. புத்தகத்தை முதலிலிருந்து விரித்தார்.

நான் தொட்டிக்குக் குனிந்தேன். மண்சட்டியில் சாம்பல் நான்கு விரல் குறைந்திருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் நாள் அது நான் விட்டுப்போன அளவிலேயே, மேலே ஒரு பல்லி ஓடிய தடத்தோடு இருந்தது நினைவுக்கு வந்தது. ஐயா அதைத் தொடவே இல்லை. அந்தப் பத்து நாளில்தான் மோதிரம் தெரிந்தது. சட்டியைத் தொட்டிக்கடியில் இன்னும் உள்ளே தள்ளிவைத்தேன்.

உடனே சொன்னேனா? இல்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், சோப்பு விஷயமும் சேர்ந்து வெளியே வரும் என்ற பயம். திருட்டுத்தனமாக இரண்டு சிலைடைத் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் மட்டும் கழுவி மற்றவற்றோடு வைத்தேன். என் ரத்தத்தையே அதில் தேய்த்து, "இத மட்டும் பாருங்க ஐயா" என்றேன். அவர் பார்த்தார். வெளிர் சிவப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த லேபில் ஒருவர் என்னை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண்சட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். சோப்பையும் சொன்னேன். தங்கச்சியின் 'கழுவி?'யையும், பக்கத்து அறைப் பெரியவரையும் சொன்னேன். அவர் சட்டிக்குள் விரலை விட்டு, சாம்பலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏன் காணும் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலியே ஐயா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் சிங்கப்பூர் கடிதம், கல்கத்தாப் பிரதி, ஜெர்மன் புத்தகம் எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பி வரி வரியாக விரல் வைத்துத் தேடினார். சிலைடு எப்படிக் கழுவுவது என்று ஒரு இடத்திலும் இல்லை. 'சுத்தமான கண்ணாடியை எடுத்து' என்பதோடு எல்லோரும் முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீமைகளிலும் என்னைப் போல ஒருவன் தொட்டிக்கடியில் குனிந்து கழுவியிருப்பான். எழுதுகிறவர்களுக்கு அவன் வேலை தெரியாது. தெரியாததைத்தான் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

"நானும் கேக்கேல்லைத்தான்" என்றார் ஐயா, புத்தகத்தை மூடிக்கொண்டே.

அன்றே நல்ல சிலைடு கட்டிக் கிள்ளானுக்கு அனுப்பினோம். மாப்பிள்ளை ரத்தத்தில் மோதிரம் மோதிரமாக இருந்தது. கொய்னாவும் ஓய்வும் கிடைத்து எழுந்துவிட்டார். "எனக்குக் காய்ச்சல் இருக்குன்னு சர்க்காரே சொல்லிருச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். முன்பு 'இல்லை' என்று சீட்டுப் போனவர்களின் ரத்தத்தை எல்லாம் மறுபடி வரவழைத்துப் பார்த்து, ஐயா சீட்டுகளைத் திருத்தி எழுதினார். பெரியவருக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஐயா ஒரு காரியம் செய்தார். தானே ஒரு கட்டுரை எழுதினார். அதில் பாதி, கழுவுவது பற்றி: சாம்பல் ஆகாது, அதன் காரம் கண்ணாடியில் தங்கிச் சாயத்தை நீலமாக்கிவிடும், சோப்பு என்றால் எத்தனை தண்ணீர், ஸ்பிரிட்டில் எவ்வளவு நேரம், எந்தத் துணி. என் கையைப் பிடித்துத் தண்ணீரை அளக்கச் சொல்லி எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அச்சாகி வந்தது. ஆவலாகப் பிரித்தவர் நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்தார். கழுவுகிற பகுதி முழுவதையும் வெட்டிவிட்டிருந்தார்கள். இடம் போதவில்லையாம். அந்த இடத்தில் ஒரே வரி: சுத்தமான கண்ணாடியை எடுத்து. மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர். தாளில் தன் பெயர் வருவதை அவர் வெறுத்ததற்கு அதுதான் காரணம்.

வெட்டப்பட்டதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார். தினமும் எதிரே பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. நான் வாழ்க்கையில் முதன்முதல் படித்த சொல் 'சாம்பல்'. இரண்டாவது 'ஆகாது'. பிறகு மராமத்து ஆட்கள் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது தாளோடு சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஐயா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட அன்று ரயிலடிக்குப் போயிருந்தேன். இந்த பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது என் சாம்பலில் நீலமாகிப்போன சிலைடுகளில் ஒன்று. யாருடைய ரத்தம் என்று நான் கேட்கவில்லை, ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் என் தங்கச்சி இருந்த தோட்டத்துப் பெயர் இருந்தது. வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி அவர் சொன்னது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் சொன்னது—

"அண்ணே, எங்க இருக்கீங்க?" கூப்பிடுகிறவர் புதிதாக வந்திருக்கும் லேப் அசிஸ்டெண்ட், கிள்ளான்காரப் பிள்ளை, நன்றாகப் படித்தவர். எனக்கு இப்போது கழுவுகிற வேலை இல்லை. வயதாகிவிட்டது என்று அதே லேபில் புத்தக அலமாரி துடைக்க விட்டிருக்கிறார்கள்.

"இங்கதான் தம்பி. என்ன வேணும்?"

"அந்த ஏழாம் வால்யூம் எங்கண்ணே? புத்தகத்துல அதப் பாக்கச் சொல்லியிருக்கு. மூணு நாளா சாயம் சரியா ஏற மாட்டேங்குது லா. எல்லாம் நீலமா வருது."

"புத்தகம் கெடக்கட்டும் தம்பி. கழுவுறது இப்ப யாரு?"

"யாரோ புதுசா வந்திருக்காங்க. ஏண்ணே?"

பேனாவை மூடுகிறேன். டின்னை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போகிறேன்.